காபூலிலிருந்து விழுப்புரம் வந்த முகம்

காபூலில் பதினாறு நாள் இருந்துவிட்டு வந்தவளிடம் விழுப்புரத்தில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, அங்கே சோறு கிடைக்குமா என்பதுதான். கிடைக்கும். எண்ணெயில் மினுங்கும் சோறு, அதன்மேல் துருவிய கேரட்டும் உலர்ந்த திராட்சையும். முழங்கை நீளத்துக்கு ரொட்டி. பால் இல்லாத பச்சை டீ. கீரையை உள்ளே வைத்து மடித்துச் சுட்ட ஒரு ரொட்டியைச் சாப்பிடும்போதெல்லாம் எனக்கு முருங்கைக்கீரை போட்ட கேப்பை அடை நினைவுக்கு வந்து, வாயில் இருப்பதை விட்டுவிட்டு இல்லாததற்கு ஏங்கிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது கேள்வி, உன்னை எப்படித் தனியாக விட்டார்கள் என்பது. யார் விட வேண்டும் என்று நான் திருப்பிக் கேட்டதும் பேச்சு மழையின் பக்கம் போய்விடும். எனக்கு நாற்பத்தாறு வயது. இருபது வருடமாகப் புகைப்படம் எடுத்துத்தான் சாப்பிடுகிறேன். இருந்தாலும் நான் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். காபூலில் நான் தனியாகப் போகவில்லை. கூட ஒரு ஆண் இல்லாமல் டாக்சிக்காரர் வண்டியை நிறுத்தவே யோசிப்பார். ஒரு பெரியவரை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, அவருக்குப் பின்னால் பத்தடி தள்ளி, தலைமுதல் கால்வரை போர்த்திக்கொண்டு நடந்தேன். இங்கே ஒருவன் என்னை முந்திக்கொண்டு பஸ் ஏறினாலே சண்டைக்கு நிற்பவள் நான்.

அங்கே ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ஆள்பவர்கள் மூடிவிட்டார்கள். நான் போனது ஒரு தையல் கூடத்துக்கு. முன்னறையில் நான்கு மிஷின் ஓடும். பின்னறையில் பதினோரு பெண்கள் அல்ஜீப்ரா படிப்பார்கள். நோட்டுப் புத்தகம் கிடையாது. டீ கொடுக்கும் தகரத் தட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் முதுகில் சாக்பீஸால் எழுதுவார்கள். கதவு தட்டப்பட்டால் தட்டைக் கழுவி, நிமிர்த்தி, கிளாஸ்களை வைத்து, தட்டியவருக்கே டீ கொடுத்துவிடலாம். நான் இருந்தபோதே ஒருமுறை அது நடந்தது. வந்தவர் டீயைக் குடித்துவிட்டு, மிஷின்களை எண்ணிவிட்டுப் போனார். தட்டின் அடியில் ஒரு எக்ஸ் மட்டும் அழியாமல் இருந்ததை அப்புறம்தான் பார்த்தோம்.

அந்தக் கூடத்தை நடத்துபவளின் பெயரை எழுத மாட்டேன். அவளும் நானும் இந்தியில் பேசிக்கொண்டோம். அவளுக்கு சீரியல் கொடுத்த இந்தி, எனக்கு டெல்லியில் வேலை பார்த்த காலத்து இந்தி. உங்கள் ஊரில் என்னைப் பற்றிச் சொல்வதானால் உங்கள் ஊர்ப் பெயர் ஒன்று வைத்துச் சொல் என்றாள். நான் ஐந்தாறு பெயர் சொன்னேன். மல்லிகா என்பதைத் தேர்ந்தெடுத்தாள். பூ என்று சொன்னதும் அவளுக்குப் பிடித்துப்போனது.

பன்னிரண்டு படம் எடுத்தேன். கை, முதுகு, தட்டு, வாசலில் கழற்றிவிட்ட பதினோரு ஜோடி செருப்பு. எதிலும் முகம் இல்லை. கடைசி நாள் மல்லிகா கதவைத் தாழிட்டுவிட்டு, முக்காட்டைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, ஜன்னலருகே வந்து உட்கார்ந்தாள். "இப்போது எடு" என்றாள்.

இப்போது ஆள்பவர்கள் ஊருக்குள் வந்த அன்று, சோதனைக்குப் பயந்து, அவள் வீட்டுச் சுவரில் இருந்த படங்களை அவள் அண்ணனே கழற்றி அடுப்பில் போட்டுவிட்டானாம். அவள் பட்டம் வாங்கிய படமும் அதில் ஒன்று. "எங்காவது ஒரு சுவரில் நான் இருக்க வேண்டும். உன் வீட்டுச் சுவர் போதும். ஆனால் போனில் வரக்கூடாது, பேப்பரில் வரக்கூடாது. இந்த முகத்தை யாராவது இங்கே அடையாளம் கண்டால் கூடத்தை மூடுவதோடு நிற்க மாட்டார்கள்" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன்.

விழுப்புரம் வந்த மறுநாள் காலை, பதின்மூன்று பிரிண்டையும் எடுத்துக்கொண்டு ஃபிரேம் போடும் கடைக்குப் போனேன். பன்னிரண்டு படங்களைத் திண்டிவனம் பக்கத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் கண்காட்சியாக வைப்பதாக ஏற்பாடு. அங்கே பேராசிரியையாக இருக்கும் நூர்ஜஹான் என் கல்லூரித் தோழி, கோட்டக்குப்பத்துக்காரி. அவள் சொன்ன கடைதான் இது. அவள் வீட்டுக்காரர் துபாயில் டிரைவர். புது வீடு கட்டியபோது மக்கா படத்தை இங்கேதான் ஃபிரேம் போட்டார்களாம்.

கடைக்காரர் ஏகாம்பரத்துக்கு ஐம்பது வயதிருக்கும். காதில் பென்சில். பன்னிரண்டு படங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா மேடம், ஒண்ணுத்துலயும் மூஞ்சி இல்ல?"

"வேணும்னுதாண்ணே அப்படி எடுத்தேன். இது பன்னெண்டும் காலேஜுக்கு. இது மட்டும் என் வீட்டுக்கு" என்று பதின்மூன்றாவதை நீட்டினேன்.

அதைப் பார்த்ததும் அவர் குரல் தணிந்தது. "பேரு?" என்றார்.

"மல்லிகா."

சீட்டில் எழுதிக்கொண்டார். பாவம், நல்ல களையான முகம் என்றார். அந்தப் 'பாவம்' எதற்கு என்று நான் யோசிக்கவில்லை. படத்தைப் போனில் எடுக்காதீர்கள் என்று சொல்லவும் தோன்றவில்லை. காபூலில் பதினாறு நாளும் தும்முவதற்குக்கூட யோசித்தவள், சொந்த ஊருக்கு வந்ததும் புத்தியைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டேன்.

இரண்டாம் நாள் மயிலம் பக்கத்தில் என் சித்தியின் நிலத்துக்குப் போனேன். கூட்டேரிப்பட்டில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் எட்டுப் பேரோடு ஒன்பதாவதாக ஒடுங்கிக்கொண்டேன். ஓரத்தில் இருந்த பெண் தன் குழந்தையை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செல்போனில் பேச ஆரம்பித்தாள். காபூலில் பதினாறு நாளில் தெரியாத ஒரு ஆள் தோள்கூட என்மேல் பட்டதில்லை. இந்த நெரிசல் எனக்கு அன்று இனித்தது. பத்து நிமிடத்தில் குழந்தை என் புடவையை நனைத்ததும் அந்த இனிப்பு போய்விட்டது.

நிலத்தில் மல்லாட்டை பிடுங்கிப் போட்டிருந்தார்கள். ஆறு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து செடியிலிருந்து கடலையை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பையில் இருந்த சிறிய பிரிண்டுகளைக் காட்டினேன். முகம் இல்லாத பன்னிரண்டும்தான்.

"ஏம்மா, கேமரா ரிப்பேரா?" என்றாள் அஞ்சலை. சித்தியின் நிலத்துக்கு எப்போதும் வேலைக்கு வருபவள்.

"மூஞ்சி தெரிஞ்சா புடிச்சிக்கினு போயிடுவாங்கக்கா."

"படிச்சதுக்கா?"

"படிச்சதுக்குத்தான்."

தட்டில் எழுதிய படத்தை அஞ்சலை மறுபடி வாங்கிப் பார்த்தாள். "எனக்கு இருக்கறதே ஓட்டு கார்டு போட்டோதான். அதுல எங்க மாமியார் மாதிரி இருக்கறேன். எங்க அம்மா செத்தப்போ ஒரு போட்டோ இல்ல. அண்ணன் கல்யாணப் போட்டோவுல பந்தி ஓரமா நின்னுக்கினு இருந்தாங்க, அத வெட்டித்தான் பெருசு பண்ணோம். கையில சாம்பார் வாளி. அத மறைச்சி புடவை வரைஞ்சி குடுத்தான் கடைக்காரன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் சொன்னதில் எனக்கான செய்தி ஒன்று இருந்தது. அது எனக்கு மறுநாள்தான் உறைத்தது.

மூன்றாம் நாள் திண்டிவனம். கல்லூரிக் கூடத்தில் ஆணி அடிக்கும் வேலையை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தேன். நூர்ஜஹான் போனை நீட்டிக்கொண்டு வந்தாள்.

"ஏண்டி, இந்தப் பொம்பள யாருன்னு தெரியுமா? எங்க வூட்டுக்காரரு அனுப்பியிருக்காரு. நம்மூரு மாதிரி இருக்குது, யாரு மவுத்துன்னு கேக்கறாரு. முக்காடு போட்ட அம்மாவுக்கு எவன் மாலை போட்டான்னு அவருக்கு ஒரே கோவம்."

மல்லிகா. தங்க நிற ஃபிரேமுக்குள் ஜன்னல் வெளிச்சத்தில் மல்லிகா. மேலே சந்தனச் சீவல் மாலை. கீழே ஒரு பட்டையில் 'மல்லிகா அம்மாள்'. அதன் கீழே 'மறைவு' என்ற எழுத்தும் ஒரு வெற்றிடமும். ஏகாம்பரம் தன் வேலையை வீடியோ எடுத்து, சோகப் பாட்டு ஒன்றைப் பின்னால் ஓடவிட்டு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருந்தார். மக்கா படம் போட்ட காலத்திலிருந்து அவர் எண் நூர்ஜஹானின் வீட்டுக்காரரிடம் இருந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நூர்ஜஹானிடம் விஷயத்தைச் சொன்னேன். உடனே துபாய்க்கு அடித்தாள். ஸ்பீக்கரில் அவர் குரல் தூக்கக் கலக்கமாக வந்தது.

"யாருக்கும் அனுப்பலம்மா, உனக்கு மட்டும்தான். ரூம்ல காட்டுனேன், அவ்ளோதான்."

"ரூம்ல யார்கிட்டங்க?"

"ரெண்டு பட்டாணுங்க இருக்காங்கல்ல, எங்ககூட வண்டி ஓட்டறவங்க. காபூல் பக்கம்தான். ஒருத்தன் பாத்துட்டு, கையத் தூக்கி அந்தம்மாவுக்கு துவா கேட்டான்."

ஸ்டேட்டஸ் போட்டது எங்கே, அது போய்ச் சேர்ந்தது எங்கே. நூர்ஜஹான் அவரை அப்போதே படத்தை அழிக்கச் சொன்னாள். என்ன ஏது என்று கேட்காமல் அழித்தார்.

ஏகாம்பரத்தின் போன் எடுக்கப்படவில்லை. கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். அது திருச்சி பஸ். "வுழுப்புரம் உள்ள போவாது, பைபாஸ்லதான் எறக்குவேன்" என்று கண்டக்டர் டிக்கெட் கிழித்த பிறகு சொன்னார். மயிலம் தாண்டியதும் டயர் வேறு பஞ்சர். எல்லோரும் இறங்கிப் புளியமர நிழலில் நின்றோம். ஒருவர் வேகவைத்த மல்லாட்டை வாங்கி வந்து எல்லோருக்கும் நீட்டினார். நான் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஏகாம்பரத்துக்கு மறுபடி அடித்தேன். வேறு பஸ் பிடித்து, பைபாஸில் இறங்கி, உச்சி வெயிலில் ஆட்டோ தேடிக் கடைக்குள் நுழைந்தபோது மணி இரண்டு.

என்ன கத்தினேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. பக்கத்துப் பூக்கடைக்காரர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தது நினைவிருக்கிறது. ஏகாம்பரம் ஸ்டேட்டஸை அழிக்கப் போனார். அதற்கு முன் பார்த்தவர்கள் பட்டியலை நான் வாங்கிப் படித்தேன். 'மணி எலக்ட்ரிக்', 'பந்தல் சேகர்', 'டீச்சரம்மா', 'மாமனார்'. பயப்படும்படி ஒருவரும் இல்லை. ஆனாலும் இன்னொரு முறை படித்துவிட்டுத்தான் அழிக்க விட்டேன்.

"உங்களுக்கு யாருண்ணே சொன்னது அவங்க செத்துட்டாங்கன்னு?"

"யாரும் சொல்லலீங்க." அவர் கண் கலங்கியிருந்தது. "பொம்பளைங்க மூஞ்சி தனியா, இவ்ளோ பெருசா, வூட்டுக்குன்னு வேற எதுக்குங்க வருது? இருவது வருசமா கடை வெச்சிருக்கறேன். ஆம்பளைங்க படம் வரும், கட்சியில பதவி வந்தா, ரிட்டயர் ஆனா. பொம்பளைங்க படம் வந்தா துக்க வூடுதான். அதான் ஒங்க காலேஜ் படத்தையெல்லாம் ஓரமா வெச்சிட்டு இத மொதல்ல முடிச்சேன். துக்க வூட்ட காக்க வெக்கக்கூடாதுங்க. மாலைக்குக்கூட தனியா காசு கேக்கல."

சாம்பார் வாளியோடு நின்ற அஞ்சலையின் அம்மா நினைவுக்கு வந்தாள். என் கோபம் போன இடம் தெரியவில்லை. அவர் கடைச் சுவரில் வரிசையாகப் பெண்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் மாலை. ஒருத்திகூட உயிரோடு இல்லை. இதே ஊரில் வளர்ந்தவள் நான், படம் எடுப்பதே என் தொழில், இதை ஒருநாளும் கவனித்ததில்லை. அதைக் கவனிக்காமல் காபூல் வரைக்கும் போயிருக்கிறேன்.

மல்லிகாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதுதான் அன்று மாலை முழுக்கப் பேச்சு. "சொல்லாதடி" என்றாள் நூர்ஜஹான் போனில். "அவ அங்க உக்காந்துக்கினு இன்னா பண்ணுவா? பயந்துக்கினேதான் கெடக்கணும். நமக்குள்ள போவட்டும்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கும் அதுதான் சௌகரியம். ஆனால் அவளுக்கு எது நல்லது என்று அவளைக் கேட்காமல் முடிவெடுக்க அங்கே ஏற்கெனவே போதுமான பேர் இருக்கிறார்கள். நடந்ததை ஒன்றுவிடாமல், மாலை, பாட்டு, துபாய் அறை, துவா எல்லாவற்றையும் குரல் செய்தியாகப் பேசி அவள் அண்ணன் போனுக்கு அனுப்பினேன். மன்னித்துவிடு என்பதை மூன்று முறை சொன்னேன். கேட்டதும் அழித்துவிடுவது என்பது எங்களுக்குள் ஏற்பாடு.

பதில் இல்லை. அடுத்த நாளும் இல்லை.

கண்காட்சி நடந்தது. மாணவிகள் தட்டுப் படத்தின் முன்தான் அதிகம் நின்றார்கள். முதலாமாண்டுப் பெண் ஒருத்தி என்னிடம் வந்து, தான் வயதுக்கு வந்ததும் வீட்டில் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டதாகவும், டீச்சர் வீட்டுக்கே வந்து அப்பாவோடு சண்டை போட்டுத் திரும்பக் கூட்டிப்போனதாகவும் சொன்னாள். "அதே மாதிரிதானே மேடம்?" என்றாள். அதே மாதிரி இல்லை. இங்கே டீச்சர் வாசலில் நின்று சத்தம் போடலாம். அங்கே டீச்சரைத்தான் முதலில் பிடிப்பார்கள். அவள் டீச்சர் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டேன். அப்பாக்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், அந்த டீச்சர்கள்தான் குறைவு.

நூர்ஜஹான் வீட்டிலிருந்து மீன் குழம்பு வந்தது. என் தட்டில் அவளே பிசைந்து வைத்தும் நான்கு வாய்க்கு மேல் முடியவில்லை. காபூல் செய்தி என்று எது வந்தாலும் படித்தேன். தையல் கூடம் என்ற சொல் எதிலாவது வருகிறதா என்று தேடினேன். ஒரு பெண்ணின் ஒரே ஆசையை வாங்கிக்கொண்டு வந்து, அதை வைத்தே அவளைக் கொன்றுவிட்டேனோ என்ற நினைப்பு போகவில்லை.

செய்தி அனுப்பிய ஐந்தாம் நாள், திண்டிவனம் பஸ் நிலையத்தில் விழுப்புரம் பஸ்ஸுக்காக நின்றபோது போன் சிணுங்கியது. தெரியாத எண். குரல் செய்தி. பின்னணியில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்டதுமே எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

முதலில் சிரிப்பு. "அப்படியானால் நான் செத்துவிட்டேன்" என்றாள் மல்லிகா. அண்ணன் வெளியூர் போயிருந்தானாம், செய்தியை முந்தின நாள்தான் கேட்டாளாம். "மாலை நிஜப் பூவா? படத்தில் நன்றாக இருக்கிறேனா? ஒன்று சொல்கிறேன் கேள். மாலையைக் கழற்றாதே. உயிரோடு இருப்பவளைத்தான் இங்கே தேடுவார்கள். செத்தவளுக்கு துவா கேட்டுவிட்டு விட்டுவிடுவார்கள். யாராவது கேட்டால் செத்துவிட்டாள் என்றே சொல். எனக்காக அழுகிறாயா? அழாதே. நாளைக்கு எனக்குப் பின்னக் கணக்கு நடத்த வேண்டும்." மிஷின் சத்தம். பிறகு, "சுவரில் இருக்கிறேன் அல்லவா? போதும். இதை நீ எழுதலாம், படம் மட்டும் வேண்டாம்."

பக்கத்தில் நின்ற பூக்காரப் பெண் என்னைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, துக்கச் சேதியா?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். முதல் பொய் அவளிடம்தான். அரை முழம் பூவைக் கிள்ளி என் கையில் வைத்தாள்.

ஃபிரேமை இப்போது என் வீட்டுக் கூடத்தில், மேற்குச் சுவரில் மாட்டியிருக்கிறேன். காலை வெயில் ஜன்னல் வழியாக வந்து அவள்மேல் விழும். எதிர்வீட்டு அக்கா வந்து பார்த்து, யார் என்றாள். தெரிந்தவங்க என்றேன். எப்போது என்றாள். போன மாதம் என்றேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். உயிரோடு இருப்பவளைச் செத்தவள் என்று சொல்ல நாக்கு கூசுகிறது. ஒவ்வொரு முறையும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சொல்கிறேன்.

அஞ்சலையை நான் இன்னும் போய்ப் பெரிதாக ஒரு படம் எடுக்கவில்லை. எடுக்க வேண்டும், மாலை தேவைப்படுவதற்கு முன்னால்.

நேற்று ஏகாம்பரம் போன் செய்தார். இன்னும் அவருக்கு என்னிடம் பேசக் கொஞ்சம் பயம்தான். மாலையோடே இருக்கட்டும் என்று நான் சொன்னதிலிருந்து, அவள் உயிரோடு இருப்பதாக முன்பு சொன்னது பொய், மல்லிகா அம்மாள் நிஜமாகவே போய்விட்டார் என்று முடிவுகட்டிவிட்டார்போல.

"மேடம், அந்தப் பட்டையில மறைவுன்னு எழுதிட்டு தேதி காலியா வுட்டேன். பாக்க நல்லாவா இருக்குது? தேதி சொன்னீங்கன்னா வூட்டுக்கே வந்து எழுதிக் குடுத்துட்டுப் போறேன்."

"வேணாண்ணே. காலியாவே இருக்கட்டும்."

"எவ்ளோ நாளைக்குங்க?"

"அவங்க கெழவியாவற வரைக்கும்" என்றேன்.